ஆளில்லாத வீட்டின் ஆள்

என் சகலனுக்கு, அதாவது என் மனைவியின் அக்காவின் கணவருக்கு, என்னிடம் ஒரேயொரு விஷயத்தில் பொறாமை உண்டு. எனக்கு மத்தியானத்தில் வேலை இல்லை. நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். காலையில் கடைசிப் பிள்ளையை இறக்கிவிடும்போது ஒன்பதரை ஆகும். பிற்பகல் இரண்டரைக்குத்தான் மறுபடி பஸ்ஸில் ஏற வேண்டும். இடைப்பட்ட ஐந்து மணித்தியாலமும் நான் ராஜா மாதிரி வாழ்கிறேன் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த ராஜா காலை நாலரைக்கு எழும்பி, குளிரில் பஸ்ஸைச் சூடாக்குகிறவர் என்பதை அவர் பெரிதாக எடுப்பதில்லை.

ஒரு ஜூன் மாதம், முற்பகல் பதினொரு மணிக்கு அவருடைய அழைப்பு வந்தது.

"தம்பி, சும்மாதானே இருக்கிறீர்?"

"இல்லை அண்ணை, படுத்திருக்கிறன்."

"அப்ப நல்லதாப் போச்சு. எழும்பி ஒருக்கா அஜின்கோர்ட் வீட்டடிக்குப் போயிட்டு வாரும். புல்லுக்கு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறாங்கள்."

அஜின்கோர்ட் வீடு என்பது அவர் இரண்டு வருடம் முன்னர் வாங்கிய, மாடியில்லாத சிறிய பங்களா. இருப்பதற்காக வாங்கியதல்ல. அவர் இருப்பது மார்க்கம் என்ற பக்கத்து நகரத்தில், வீட்டில் உள்ளவர்களை விடக் குளியலறைகள் கூடுதலாக உள்ள ஒரு வீட்டில். பங்களாவை இடித்துவிட்டு அந்த இடத்தில் பென்னம்பெரிய வீடு கட்டி விற்பது திட்டம். வீட்டின் முன்னால் ஒரு மேப்பிள் மரம் நின்றது. அதை வெட்டலாமா, வெட்டாமல் வேரைச் சுற்றி எவ்வளவு தூரம் தள்ளிக் கட்டலாம் என்பதை நகரசபையும் சகலனுடைய வரைபடக்காரரும் கடிதத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசி முடிக்கும் வரை வீடு சும்மா நின்றது. சும்மா நிற்கும் வீட்டைச் சும்மா இருக்கும் மனிதன் பார்த்துக்கொள்வதுதானே முறை.

கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸை வாசித்தேன். புல் இருபது சென்ரிமீற்றருக்கு மேல் வளரக்கூடாதாம். இந்த நாட்டுக்கு வந்து இருபத்தைந்து வருடமாகியும் புல்லுக்குச் சட்டப்படி ஓர் உயரம் உண்டு என்பது எனக்குத் தெரியாது. டோர்செட் பார்க் பக்கம் ஓர் அப்பார்ட்மென்டின் ஒன்பதாம் மாடியில் இருக்கிறவனுக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

கராஜில் இருந்த புல்வெட்டும் மெசினை இழுத்து வந்து பாதி வெட்டியிருப்பேன். பக்கத்து வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். எழுபது வயது இருக்கும். நேராக அயர்ன் பண்ணிய சேர்ட், கையில் ஓர் இரும்பு அடிமட்டம்.

"ஐசே, நீர் ஆர்?"

"வீட்டுக்காரற்ற சகலன்."

"ஓ, வீட்டுக்காரர் எண்டு ஒருத்தர் இருக்கிறாரோ?"

சொல்லிவிட்டு, நான் இன்னும் வெட்டாத பக்கத்தில் குந்தி, அடிமட்டத்தை மண்ணில் ஊன்றிப் பார்த்தார்.

"முப்பத்தெட்டு," என்றார், ஏதோ தீர்ப்பு வாசிப்பது போல. "நான்தான் த்ரீ-வன்-வன்னுக்கு அடிச்சனான். ஒளிக்க ஒண்டுமில்லை."

த்ரீ-வன்-வன் என்பது நகரசபைக்கு முறைப்பாடு சொல்லும் இலக்கம். அவர் அதைத் தன் பிள்ளைகளின் இலக்கத்தை விட அடிக்கடி அடிப்பவர் என்பதைப் பிறகு அறிந்துகொண்டேன். ஊரில் அவர் நில அளவையாளராக இருந்தவர். இங்கே வந்து ஒரு தொழிற்சாலையில் இருபது வருடம் உதிரிப்பாகங்களை அளந்து, தவறானவற்றை எடுத்தெறிந்தவர். ஓய்வு பெற்ற பிறகு அளக்க ஒன்றுமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தபோது, கடவுள் பார்த்துப் பக்கத்து வீட்டைக் காலியாக்கிக் கொடுத்திருக்கிறார்.

எனக்கு ஐம்பத்துமூன்று வயது. ஆனாலும் அன்றிலிருந்து அவரை அங்கிள் என்றுதான் கூப்பிட்டேன். அடிமட்டம் வைத்திருப்பவரிடம் வேறு எப்படிப் பேசுவது?

அன்று பின்னேரம் சகலனுக்கு நிலவரத்தைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு ஒரு கொள்கையை வெளியிட்டார்.

"வீட்டில ஆள் இருக்கிற மாதிரிக் கிடக்கோணும் தம்பி. ஆள் இருந்தா ஒருத்தரும் கவனிக்கமாட்டினம்."

அடுத்த வாரம் மார்க்கத்திலிருந்து அலங்காரப் பொருட்கள் வந்தன. பழைய திரைச்சீலைகள், வாசலில் வைக்க ஒரு சோடி பனி பூட்ஸ், அவர்களுடைய மகன் வளர்ந்து கைவிட்ட ஒரு சின்னச் சைக்கிள். மின்விளக்குகளுக்குத் தானாகப் பற்றி அணையும் சுவிட்சுகளும் இருந்தன. நான் எல்லாவற்றையும் மாலை ஆறுக்குப் பற்றி இரவு பத்துக்கு அணையும்படி வைத்துவிட்டு, நல்ல வேலை செய்தேன் என்ற திருப்தியோடு வந்தேன். மறுநாள் வேலிக்கு மேலால் அங்கிளின் தலை தெரிந்தது.

"ஐசே, உதுக்குள்ள ஆமிக்காரரோ இருக்கினம்? ஆறு மணிக்கு எல்லா லைற்றும் ஒண்டாப் பத்துது. பத்து மணிக்கு ஒண்டா நூருது."

ஒவ்வொரு விளக்கையும் வெவ்வேறு நேரத்துக்கு மாற்றினேன். படுக்கையறை விளக்கைக் கடைசியாக அணைய வைத்தேன். இல்லாத குடும்பத்துக்கு இப்படி ஓர் ஒழுங்கான வாழ்க்கையை அமைத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், என் வீட்டில் மூன்று பிள்ளைகளும் ஒரு சார்ஜருக்குச் சண்டை.

காப்புறுதிக்காரரும் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். காலி வீட்டுக்கு அடிக்கடி ஆள் போய்ப் பார்க்க வேண்டும், பார்த்ததை எழுதி வைக்க வேண்டும். நான் ஒரு கொப்பி வாங்கினேன். வாரத்துக்கு மூன்று தரம் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்ப்பேன், ஜன்னலைத் தட்டிப் பார்ப்பேன், விளம்பரத் தாள்களைப் பொறுக்குவேன். கொப்பியில், "ஒன்றும் நடக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்து வைப்பேன். நாற்பது பக்கத்துக்கு ஒன்றும் நடக்காததைப் பதிவு செய்தவன் நான்.

பனிக்காலம் வந்தது. குழாய்கள் உறைந்து வெடிக்காமல் இருக்க வீட்டைச் சூடாக வைத்திருக்க வேண்டும். வாசல் நடைபாதையில் பனி விழுந்தால் வழித்துவிட வேண்டும், அதற்கும் சட்டம் உண்டு. நான் மூன்று படுக்கையறை வெறும் வீட்டை இளஞ்சூட்டில் வைத்துவிட்டு, எங்கள் இரண்டு படுக்கையறை அப்பார்ட்மென்டுக்குத் திரும்புவேன். அங்கே ஐந்து பேர் இருந்தோம். குளியலறைக் கூரையால் மேல்மாடித் தண்ணீர் சொட்ட, அதற்கொரு வாளியும் இருந்தது. மூத்தவள் பரீட்சைக்குச் சாப்பாட்டு மேசையில் இருந்து படிப்பாள். மற்ற இருவரும் அதே மேசையில் சாப்பிடுவார்கள்.

ஒருநாள் அவள் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, அந்த வீட்டில ஹீட் போட்டிருக்கா?"

"ஓம், பைப் உறைஞ்சு போகாமல்."

"ஸோ பைப்புக்கு சொந்தமா ரூம் இருக்கு. எங்களுக்கு இல்லை. தற் இஸ் லிட்டரலி இன்சேன், அப்பா."

என் மனைவி எழும்பிப் போய் வாளியை மாற்றினாள். அடுத்த நாள் தன் அக்காவுக்கு ஃபோன் அடித்து, புது வீடு கட்டும் பெர்மிட் வரும்வரை நாங்கள் வாடகை கொடுத்து அந்த வீட்டில் இருக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாள். பதில் அக்காவிடமிருந்து வரவில்லை. சகலன் எனக்கு அடித்தார்.

"சொந்தத்துக்குள்ள வீடு குடுத்து வாங்கினால் உறவு பழுதாப் போம் தம்பி. அதோட, அது மனுசர் இருக்கிற மாதிரி வீடில்லை."

"ஓம் அண்ணை," என்றேன்.

ஏன் ஓம் என்றேன் என்று மனைவி கேட்டாள். அவளுக்கும் காரணம் தெரியும். நாங்கள் இந்த ஊரில் இறங்கியபோது விமான நிலையத்துக்கு வந்தவர் அவர்தான். ஐந்து மாதம் தன் பேஸ்மென்டில் வைத்திருந்து, எனக்கு வாகனம் ஓட்டப் பழக்கியவரும் அவர்தான். அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். மறுநாள் வழமை போலப் போய், மனிதர் இருக்கத் தகாத அந்த வீட்டின் வாசலில் பனி வழித்தேன். மனம் கசந்துதான் கிடந்தது. பனி அதைப் பார்க்கவில்லை.

வசந்தம் வந்ததும் இரண்டாவது நோட்டீஸும் வந்தது. பின்பக்கக் கூரை ஓரத்துப் பலகை உடைந்து ஓட்டை விழுந்திருக்கிறது, குறித்த நாளுக்குள் திருத்தி மூட வேண்டும் என்று இருந்தது. அங்கிளின் கைவண்ணம்தான். அவரே தன் ஏணியைக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டார். முறைப்பாடு செய்வதும் அவரே, ஏணி பிடிப்பதும் அவரே. அப்படியொரு முழுச் சேவை.

நான் ஏறி ஃபோன் வெளிச்சத்தை உள்ளே அடித்தேன். கூரைக்கும் அறைக்கும் நடுவில் உள்ள வெளியில், குளிர் தடுக்கும் மஞ்சள் பஞ்சுக்குள், பூனையை விடச் சற்றுப் பெரிய ஒரு றக்கூன் படுத்திருந்தது. கண்ணைச் சுற்றிக் கறுப்புக் கட்டியிருந்த அந்த முகம் என்னை நிதானமாகப் பார்த்தது. அதன் வயிற்றோடு நாலு குட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி அளவு.

"என்ன ஐசே, ஆளிருக்கோ?" என்று கீழேயிருந்து கேட்டார் அங்கிள்.

"ஓம் அங்கிள். தாயும் நாலு பிள்ளையளும்."

வீட்டில் யாராவது குடியிருக்கிறார்களா என்று உரிமையாளர்கள் வருடா வருடம் நகரசபைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்; காலி வீடென்றால் அதற்குத் தனி வரி. இனி அதை மனச்சாட்சியோடு எழுதலாம் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

காட்டு விலங்குகளை வெளியேற்றும் ஒருவரை அழைத்தேன். அவர் வந்து பார்த்துவிட்டு, குட்டிகள் நடக்கத் தொடங்கும்வரை சில கிழமைகள் பொறுக்கச் சொன்னார். இப்போது அடைத்தால் தாயில்லாமல் குட்டிகள் செத்துப் போகும். தூரக் கொண்டுபோய் விடவும் சட்டம் இடம் கொடாது. இதைச் சகலனுக்குச் சொன்னேன்.

"நகரசபை மூடச் சொல்லுதெல்லோ?"

"ஓம்."

"அப்ப மூடும். நான் சட்டத்துக்கு மாறா நடக்கிறவன் இல்லை தம்பி."

நான் மூடினேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. யாரும் என் கையைப் பிடித்து முறுக்கவில்லை. மறுநாள் மத்தியானம் பலகையும் எட்டுத் திருகாணியும் கொண்டு போனேன். ஏணியை நானே சாத்தினேன். உள்ளே பார்த்தபோது தாய் இல்லை, சாப்பாடு தேடிப் போயிருந்தது. குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்து நித்திரை. திருகாணி எட்டும் சீராக இறங்கின. என் வாழ்க்கையில் நான் அடித்த பலகைகளில் அதுதான் நேராக இருந்தது. கொப்பியில் "ஓட்டை மூடப்பட்டது" என்று எழுதிவிட்டு பஸ்ஸுக்குப் போனேன்.

அன்று பின்னேரம் பஸ்ஸில் நாற்பது பிள்ளைகள் கத்தினார்கள். வழமையாக எனக்குக் காது கேட்காது. அன்று ஒவ்வொரு சத்தமும் கேட்டது. முதலாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய தாய் தரிப்பிடத்துக்கு வரப் பிந்திவிட்டாள். அவன் இறங்கமாட்டேன் என்று படியில் நின்று அழுதான். அவள் மூச்சு வாங்க ஓடி வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் பஸ்ஸை நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு நேரே அஜின்கோர்ட்டுக்குப் போனேன்.

கூரையில் அந்தத் தாய் நின்றது. பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, என் பலகையின் விளிம்பைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. வெளிர் மரத்தில் இரத்தக் கோடுகள். உள்ளேயிருந்து மெல்லிய கீச்சுக் குரல்கள். அங்கிள் முற்றத்தில் நின்றார். கையில் அடிமட்டமும் இல்லை, ஒன்றுமில்லை.

"ஒண்டரை மணித்தியாலமா உப்பிடித்தான் ஐசே," என்றார். "என்னால ஏணியில ஏற ஏலாது. ஏறியிருப்பன்."

நான் ஏறினேன். தாய் இரண்டு முழம் பின்வாங்கி உட்கார்ந்து என் கையையே பார்த்தது. ஓடவில்லை, சீறவும் இல்லை. நான் கழற்றிய அவசரத்தில் இரண்டு திருகாணி கீழே விழுந்தன. அங்கிள் புல்லுக்குள் தேடிப் பொறுக்கினார். பலகை விலகியதும் அது என் முழங்கையை உரசிக்கொண்டு உள்ளே போனது. நான் பலகையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"வாரும், தேத்தண்ணி குடிப்பம்," என்றார் அங்கிள். அன்றுதான் முதன்முதலாக அவருடைய வீட்டுக்குள் போனேன். அவர் முறைப்பாட்டைப் பற்றியோ, நான் பலகையைப் பற்றியோ பேசவில்லை.

தவணை முடிந்த நாளில் நகரசபை இன்ஸ்பெக்டர் வந்தார். என் மகளை விட நாலைந்து வயது கூடிய ஒரு பெண், கையில் டேப்லெட். ஓட்டை திறந்தே கிடந்தது. சுற்றிலும் எட்டுத் திருகாணித் துளைகள். நான் விளக்கத் தொடங்குமுன் அங்கிள் வேலியைச் சுற்றி வந்துவிட்டார்.

"முறைப்பாடு செய்தது நான். அதை இப்ப திருப்பி எடுக்கிறன்," என்றார் ஆங்கிலத்தில், மிகவும் உத்தியோக தோரணையில்.

முறைப்பாட்டை அப்படித் திருப்பி எடுக்க முடியாது என்று அவள் மரியாதையாகச் சொன்னாள். ஆனால் விலங்குக்காரரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கித் தந்தால் ஜூன் கடைசிவரை தவணை தரலாம் என்றாள். இவ்வளவு சுலபமான வழி இருந்ததை நான் கேட்டறிய முயலவே இல்லை. பலகை அடிப்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

போகிற வழியில் வாசலில் இருந்த பூட்ஸையும் சைக்கிளையும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"இங்கே நீங்கள்தான் இருக்கிறீர்களா?"

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஒரு வருடமாக நான் திரை தொங்கவிட்டதும் விளக்குப் போட்டதும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

"இல்லை," என்றேன். "ஒருவரும் இல்லை. பூட்ஸ் அலங்காரத்துக்கு."

அவள் சிரித்துவிட்டு, அதையும் எழுதிக்கொண்டாள். அங்கிள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பெருமை இருந்தது போலப் பட்டது. அடுத்த கிழமை சகலனுக்கு நகரசபையிலிருந்து கடிதம் போயிருக்கிறது. கடிதம் கிடைத்த அன்றே அடித்தார். இவ்வளவு காலத்தில் அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அன்றுதான்.

"ஆரும் இல்லையெண்டு ஏன் சொன்னனீர்?"

"இல்லைத்தானே அண்ணை."

"நான் அங்க ஆள் இருக்கெண்டு எழுதிக் குடுத்திருக்கிறன்!"

"ஆர் இருக்கிறதெண்டு?"

அவர் இதிலென்ன கேள்வி என்பது போலச் சொன்னார்.

"உம்மட பேரைத்தான் குடுத்தனான். நீரும் குடும்பமும் வாடகைக்கு இருக்கிறியள் எண்டு. வேற ஆற்ற பேரைக் குடுக்கிறது?"

ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. குளியலறையில் நின்ற மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்து நான் அழைப்பைத் துண்டித்தேன். அவள் தன் ஃபோனை எடுத்து அக்காவுக்கு அடித்தாள்.

"அக்கா, நாங்கள் அஜின்கோர்ட்டில வாடகைக்கு இருக்கிறமாம். ஒரு வருசமா இருக்கிறமாம். எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. எந்த அறை என்ரையெண்டு அத்தானை ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ. இண்டைக்கே கட்டில் கொண்டு போறன்."

மறுபக்கத்தில் அக்கா என்ன சொன்னாரோ தெரியாது. மனைவி நெடுநேரம் கேட்டாள். பிறகு, "சரி அக்கா, நீங்கள் அழாதேங்கோ," என்றாள். வைத்துவிட்டு அவளும் அழுதாள். நான் தேத்தண்ணி போட்டேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

சகலன் எழுதிக் கொடுத்ததை நகரசபையில் திருத்தினார். அதற்கான வரியும் கட்டினார் என்று அக்கா வழியாகக் கேள்விப்பட்டோம். நான் உடனே சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. றக்கூன்களுக்கு ஜூன் கடைசிவரை தவணை இருந்தது, அதுவரை வீடு என் பொறுப்பு என்று மனதுக்குள் ஒரு முடிவு. ஒரு ஞாயிறு காலையில் அங்கிள் அழைத்தார். தாய் முன்னால், குட்டிகள் வரிசையாகப் பின்னால், வேலி மேலால் போய்விட்டார்களாம். அவர் எண்ணியிருக்கிறார், நாலும் சரி. இரண்டு நாள் விட்டுப் பார்த்து, ஒன்றும் திரும்பி வராத பிறகு, பலகையை மறுபடி அடித்தேன். இந்தமுறை கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. அங்கிள் அதை அளக்கவில்லை.

சாவியை அக்காவிடம் கொடுத்தேன். இப்போது அந்த வீட்டை ஒரு கம்பெனி பார்க்கிறது. மேப்பிள் மரம் பற்றிய கடிதப் போக்குவரத்து இன்னும் முடியவில்லையாம். அங்கிள் அந்தக் கம்பெனி மீது இதுவரை மூன்று முறைப்பாடு கொடுத்திருக்கிறார். ஒவ்வொன்றையும் எனக்கு ஃபோனில் வாசித்துக் காட்டுவார்.

சகலனோடு பேச்சு நின்று எட்டு மாதம். அக்காவும் தங்கையும் பேசிக்கொள்கிறார்கள், எங்கள் இருவரையும் பற்றி என்று நினைக்கிறேன். போன மாதம் ஒரு கலியாண வீட்டில் சாப்பாட்டு வரிசையில் அவருக்குப் பின்னால் அகப்பட்டுக்கொண்டேன். இருவருக்கும் வரிசையை விட்டு விலக மனமில்லை, நல்ல ஆட்டிறைச்சிக் கறி. அவர் திரும்பாமலே ஒரு தட்டை எடுத்துப் பின்பக்கமாக என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கிக்கொண்டேன்.